பதினான்காம் பிரிவு

சட்டமூலம் மூன்று நாளாக என் மேசையில் கிடக்கிறது.
சிங்களத்தில் அறுபத்தொரு பக்கம்.
தமிழில் எத்தனை வருமோ தெரியாது,
தமிழ் எப்போதும் கொஞ்சம் நீளும்.

பெற்றோலிய வளம். ஆய்வு. அகழ்வு.
குத்தகை முப்பத்தைந்து வருடம்.
இவை இலேசு, சொற்கோவையில் இருக்கின்றன.
பதினான்காம் பிரிவில்தான் பேனை நின்றது.
‘எவராலும் பயன்படுத்தப்படாத அரச காணி’
என்று எழுதிவிட்டுப் பார்த்தேன்.
இலக்கணப் பிழை ஒன்றுமில்லை.

இணைப்பு வரைபடத்தில் கிரானுக்கு மேற்கே
பச்சையாக ஒரு கட்டம்.
அந்தக் கட்டத்துக்குள்ளிருந்துதான்
காலை ஆறரைக்கு ஆதம்லெவ்வையின் மோட்டார் சைக்கிள் வருகிறது,
இரண்டு பக்கமும் பால் கான் இடிபட,
மாரியில் முழங்கால்வரை சேறோடு.
எங்கள் கந்தோர்த் தேத்தண்ணி
அந்தக் கட்டத்தால்தான் நிறம் மாறுகிறது.
செயலாளரும் அதைத்தான் குடிக்கிறார்.
சீனி மட்டும் குறைவாக.

போன மாதம் அளவைக்காரர் வந்தார்கள்.
மஞ்சள் பூசிய முளைகளை இலக்கமிட்டு அடித்தார்கள்.
குழி தோண்டி வெடி வைத்து
நிலத்தின் வயிற்றில் காது வைத்துக் கேட்டார்களாம்.
அன்று பின்னேரம் வேலாப்போடியின் பட்டியில்
பதினொரு எருமை பால் இறக்கவில்லை.
கறக்கப் போனவனை ஒன்று உதைத்து
அவனுக்கு முழங்கை விலகிற்று.
இதை எந்தப் பிரிவில் சேர்ப்பது?

ஆட்சேபனைக்குப் பதினான்கு நாள்.
படிவத்தை அடித்ததும் நான்தான்:
‘மேற்படி காணியில் உமக்குள்ள உரித்து யாது?’
கீழே நான்கு கோடு.

சந்திவெளியிலிருந்து பூரணிப்பிள்ளை வந்தாள்,
அத்தாங்கை வாசலில் சாத்திவிட்டு.
வரைபடத்தில் களப்பு விளிம்பைத் தடவிக்கொண்டு
“தண்ணியக் காணியெண்டு ஆருகா எழுதினது?” என்றாள்.
“கிண்ண வேருக்குள்ள நான் கைய உட்டா
எறால் வரும்.
இவனுகள் உட்டா என்ன வரும்?”
நான் எழுதினேன்:
‘ஆட்சேபிப்பவர் இறால் பிடிப்பவர்.’
அதற்குமேல் கோடு இடம் தரவில்லை.
கோடு நான் போட்டது.

கடைசி நாள், கந்தோர் பூட்டும் நேரம்
வேலாப்போடி வந்தார். என் வயதுதான்,
நாலாம் வகுப்பில் இடம்பெயர்ந்து
ஐந்தாம் வகுப்பைக் காணாதவர்.
எழுதித் தரட்டுமா என்றேன்.
“வேணாங்கா” என்று பேனையை வாங்கி
நான்கு கோட்டையும் தாண்டி வரையத் தொடங்கினார்:
குறிகள்.
மாட்டின் தொடையில் சுடுகிற குறிகள்.
தன்னுடையது, மைத்துனன் குடியினது,
ஓட்டமாவடியாரின் பிறை,
வன்செயலில் செத்த ஒருவனின் வளைந்த கோடு
(மகள் இன்னும் அதையேதான் சுடுகிறாளாம்).
அங்கே மேய்கிற முப்பத்தெட்டுப் பட்டிக்கும்.
இடம் முடிய, தாளைக் கிறுக்கி
பின்பக்கத்திலும் வரைந்தார்.
ஓரிடத்தில் நிறுத்தி, யோசித்து,
ஒரு புள்ளியைச் சேர்த்தார்.
புள்ளி இல்லாவிட்டால் அது வேறு ஆளின் மாடாம்.

பதிவு எழுதுநர் எட்டிப் பார்த்தார்.
“எழுத்தொண்டும் இல்லையே மிஸ்,
வெறும் படிவமெண்டு போடுங்க.”

வெறும் படிவம்.
வெறும் காணி.

விளக்கைப் போட்டுக்கொண்டு நான் இருந்தேன்.
பதினான்காம் பிரிவை மாற்ற எனக்கு அதிகாரமில்லை,
ஒரு காற்புள்ளியைக்கூட.
ஆட்சேபனைகளைச் சிங்களத்தில் பெயர்க்கிற
அதிகாரம் மட்டும் உண்டு.
பெயர்த்தேன்.
ஒன்று: கொம்புபோல் வளைந்து, கீழே புள்ளி.
இரண்டு: ஏணி, மூன்று படி, மேற்படி உடைந்தது.
மூன்று: பிறை, வலம் பார்த்து.
முப்பத்தெட்டும் முடிய மணி எட்டரை.
இந்த முறை
சிங்களம்தான் நீண்டது.

‘பெறப்பட்டது’ முத்திரையை அழுத்திக் குத்தினேன்,
பின்பக்கத்திலும் ஒருமுறை.
மூன்று மணித் தேத்தண்ணி
குடிக்காமல் அப்படியே இருந்தது,
மேலே ஆடை கட்டி.